வென்ட் பைப்புகளை ஒன்றாக இணைக்கலாமா? மொட்டைமாடி ஓட்டைகளைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று பாத்ரூம் உள்ள ஒரு சாதாரண வீட்டின் மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள். தலையில் தொப்பி மாட்டிய வென்ட் பைப்புகள், அதாவது கழிவு பைப்புக்குக் காற்று விடும் பைப்புகள், ஆறாவது நிற்கும். டாய்லெட்டுக்கு ஒன்று, குளிக்கிற தண்ணீருக்கு ஒன்று என்று பாத்ரூமுக்கு இரண்டு வீதம் பிளம்பர் ஏற்றிவிட்டுப் போயிருப்பார். அவற்றில் சில வெளிச்சுவரை ஒட்டி வந்திருக்கும், சில ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கும். ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் முதல் ஈரத் திட்டு அந்தத் துளைகளைச் சுற்றித்தான் தெரியும். திருச்சிப் பக்கம் வீட்டு வேலைகளில் பிளம்பிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இந்த ஒரு விஷயத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்த பைப் எதற்கு? பேசாமல் மூடிவிட்டால் என்ன?

பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பிலும் டாய்லெட் கோப்பையிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், கவனித்திருப்பீர்கள். சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குல ஆழம். செப்டிக் டேங்க் நாற்றத்துக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருப்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்தான். மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது ஆறு லிட்டரோ பத்து லிட்டரோ தண்ணீர் ஒரே மூச்சில் பைப்பில் இறங்குகிறது. இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும், முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும். இழுப்பதற்குக் காற்று மேலே திறந்த பைப் வழியாக வந்தால் பிரச்சினை இல்லை. அது மூடியிருந்தால் பக்கத்தில் இருக்கிற நஹானி ட்ராப் வழியாகக் காற்றை இழுக்கும், கூடவே அந்தத் தண்ணீரும் போய்விடும். 'களக் களக்' என்று சத்தம் வருகிறதே, அது ட்ராப் காலியாகிற சத்தம். அப்புறம் வீடு முழுக்க நாற்றம்.

ஃப்ளஷ் மட்டும் என்றில்லை. பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரை இந்தியன் டாய்லெட்டில் சட்டென்று கவிழ்த்தாலும் இதே வேலை நடக்கும்.

ஆகவே மூடக் கூடாது. ஆனால் ஆறு பைப்பும் தனித்தனியாக மேலே போக வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓட்டையில் விடலாமா?

விடலாம். இது குறுக்கு வழி இல்லை, உலகம் முழுக்க முறைப்படி செய்கிற வேலைதான். அமெரிக்காவில் மரச்சட்டத்தின் மேல் ஷிங்கிள் என்ற மெல்லிய ஓடு போட்ட சாய்வுக் கூரைகள், அங்கே ஒவ்வொரு ஓட்டையும் ஒழுகலுக்கு அழைப்பு என்பதால் பரணுக்குள்ளேயே எல்லா வென்ட்டையும் சேர்த்து ஒன்றாக வெளியே எடுக்கிறார்கள். நமக்குக் கான்கிரீட் கூரை, ஆனால் பைப் ஓரத்தில் ஒழுகுவது மட்டும் மாறவில்லை.

இப்போது புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024-இல் பிரதமர் சூரிய வீடு திட்டம் தொடங்கிய பிறகு மாடியில் சோலார் பேனல் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நட்டநடுவே நிற்கும் நாலு பைப்பின் நிழல் பேனலில் விழுகிறது என்றுதான் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

சேர்க்கலாம் என்பது சுலபமான பதில். எந்த உயரத்தில் சேர்க்கிறீர்கள், எந்தப் பக்கம் வாட்டம் (சரிவு) கொடுக்கிறீர்கள், எதை எதோடு சேர்க்கிறீர்கள், இந்த மூன்றில்தான் வேலை கெடுகிறது.

எந்த உயரத்தில் சேர்க்க வேண்டும்?

அந்தத் தளத்தில் இருக்கிற சாதனங்களில் எதன் விளிம்பு அதிக உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு மேல் குறைந்தது ஆறு அங்குலம் போய்த்தான் ஒரு வென்ட்டை இன்னொன்றோடு சேர்க்க வேண்டும். பாத்ரூமில் உயரமானது வாஷ்பேசின். அதன் விளிம்பு தரையிலிருந்து சுமார் 80 முதல் 85 சென்டிமீட்டர் இருக்கும். அதோடு 15 சென்டிமீட்டர் சேர்த்தால் ஒரு மீட்டர். அதற்குக் கீழே சேர்க்கவே கூடாது.

காரணம் எளிது. கீழே பைப் அடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கழிவுத் தண்ணீர் பைப்பில் ஏறும். இணைப்பு தாழ்வாக இருந்தால் அந்தத் தண்ணீர் வென்ட் வழியாக அடுத்த பைப்புக்குத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு அடைப்பு இருப்பதே தெரியாது, எல்லாம் நன்றாகப் போவதுபோல் இருக்கும். காற்றுக்காகப் போட்ட பைப் கழிவு பைப்பாக மாறி, படுக்கையாக ஓடும் இடத்தில் அழுக்கு படிந்து, ஒரு நாள் அதுவும் அடைக்கும். இணைப்பு உயரமாக இருந்தால் தண்ணீர் அங்கே ஏறுவதற்கு முன்னால் பேசினிலோ நஹானியிலோ எட்டிப் பார்க்கும், நீங்கள் ஆளைக் கூப்பிட்டுவிடுவீர்கள்.

நான் ஒரு மீட்டரோடு நிற்பதில்லை. லிண்டல் மட்டம், அதாவது கதவுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை உயரம், ஏழடியில் சேர்ப்பேன். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதற்கும் மேலே, ஸ்லாபுக்குக் கீழே. அந்த உயரத்தில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள், எதிர்காலத்தில் யாரோ ஒரு பிளம்பர் 'பக்கத்திலேயே பைப் போகிறதே' என்று வாஷிங் மெஷின் தண்ணீரை அதில் விடவும் மாட்டார்.

ஒரு விஷயம் பலருக்குத் தப்பிப்போகும். கீழ்த்தளத்து வென்ட்டை மேல்தளத்து டாய்லெட் பைப்போடு சேர்ப்பதானால் அளவை மேல்தளத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். ஏனென்றால் மேல்தளத்துக்குக் கீழே அந்த பைப்பில் கழிவு ஓடிக்கொண்டிருக்கிறது.

படுக்கையாகப் போகும் பைப்புக்கு வாட்டம் வேண்டுமா? அதில் காற்றுதானே போகிறது?

காற்று மட்டும் போவதில்லை. தொப்பி வழியாக மழைச் சாரல் இறங்கும். உள்ளே ஈரக் காற்று குளிர்ந்து சொட்டாக மாறும். வாட்டம் இல்லாமல், அல்லது நடுவில் தொய்வாக இருந்தால் தண்ணீர் தேங்கி அந்த இடமே ஒரு ட்ராப் மாதிரி ஆகிவிடும், காற்று நின்றுவிடும். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது கழிவு பைப்பின் பக்கம் சரிவு இருக்க வேண்டும். கிளாம்ப்பை மீட்டருக்கு ஒன்று போடுங்கள், இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வெளிச்சுவரில் படுக்கையாகப் போகும் பிவிசி பைப் இரண்டே கோடையில் வயிறு தள்ளிவிடும்.

இணைக்கும் இடத்தில் நேர்க்குறுக்காகச் சேரும் டீ போடுவதைவிட சாய்வாகச் சேரும் ஒய் போடுவது நல்லது. வடிகிற தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பும்படி வைக்க வேண்டும், தலைகீழாகப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டாய்லெட் வென்ட்டையும் குளியல் தண்ணீர் வென்ட்டையும் ஒன்றாகச் சேர்க்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பொத்தாம்பொதுவாக 'சேர்க்கலாம்' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். முதலில் உங்கள் வீட்டு அமைப்பைப் பாருங்கள்.

பெரும்பாலான தனி வீடுகளில் இரண்டு பைப் முறை. டாய்லெட் கழிவு நாலு அங்குல பைப்பில் நேராகச் சேம்பருக்கு, அங்கிருந்து செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோ போகும். குளியல், பேசின் தண்ணீர் வேறு பைப்பில் இறங்கி, தரையில் கல்லி ட்ராப்பைத் தாண்டித்தான் சேம்பருக்குப் போகும். அந்தக் கல்லி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் சாக்கடைக் காற்றைத் தடுத்துவிடுவதால் குளியல் பைப்புக்குள் டேங்க் நாற்றம் ஏறுவதே இல்லை. இந்தத் தைரியத்தில் பல வீடுகளில் மேலே நஹானி ட்ராப் ஒழுங்காக இருக்காது. பேசினுக்கு அடியில் பாட்டில் ட்ராப் இல்லாமல் வெறும் நெளிகிற குழாயைச் செருகிவைத்திருப்பார்கள். பழைய நஹானியின் உள்மூடியைச் சுத்தம் செய்ய எடுத்தவர்கள் திரும்பப் போட்டிருக்க மாட்டார்கள். இருந்தும் நாற்றம் வராது, ஏனென்றால் கீழே கல்லி ட்ராப் காவலுக்கு நிற்கிறது.

இப்போது நீங்கள் மாடியில் இரண்டு வென்ட்டையும் சேர்க்கிறீர்கள். டேங்கிலிருந்து டாய்லெட் பைப் வழியாக மேலே வரும் காற்றுக்குக் குளியல் பைப்புக்குள் இறங்க ஒரு வாசல் திறந்துவிட்டீர்கள். கல்லி ட்ராப்பைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நாற்றம் பாத்ரூமுக்குள் வரும். ஒரு வீட்டில் இது நடந்து, வீட்டுக்காரர் மூன்று மாதம் செப்டிக் டேங்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை லாரி வைத்து டேங்கைக் காலி செய்தார். கடைசியில் பார்த்தால் பேசினுக்கு அடியில் ட்ராப்பே இல்லை.

எனவே ஒவ்வொரு பேசின், ஒவ்வொரு தரைத் துவாரம், வாஷிங் மெஷின் பாயிண்ட், எல்லாமே 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் ட்ராப்பைத் தாண்டித்தான் பைப்புக்குப் போகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் இரண்டு வென்ட்டையும் தாராளமாகச் சேர்க்கலாம். இல்லை என்றால் டாய்லெட் வென்ட்டுகளைத் தங்களுக்குள்ளும், குளியல் வென்ட்டுகளைத் தங்களுக்குள்ளும் சேருங்கள். ஆறு இரண்டாகும். அதுவும் லாபம்தான்.

எத்தனை அங்குல பைப்?

கடையில் 75, 90, 110 மில்லிமீட்டர் என்று எஸ்டபிள்யூஆர் (கழிவுக்கும் மழைத் தண்ணீருக்குமான) பைப் கிடைக்கும். 110-ஐத்தான் நாலு அங்குலம் என்கிறோம். என் வழக்கம் இது: தனித்தனி வென்ட் 75, சேர்ந்த பிறகு மேலே போவது 110. பைப்பின் வாய்ப் பரப்பைக் கணக்குப் பார்த்தால் இரண்டு 75 சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு 110. 'அப்படியானால் மூன்று, நான்கு சேர்த்தால் போதாதே' என்று கேட்பீர்கள். வீட்டில் எல்லா டாய்லெட்டும் ஒரே நொடியில் ஃப்ளஷ் ஆவதில்லை, அதனால் போதும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள யூனிஃபார்ம் பிளம்பிங் கோட் என்ற விதிமுறையும் கிட்டத்தட்ட இதையே கேட்கிறது: கூரைக்கு மேலே திறந்திருக்கும் வென்ட்டுகளின் மொத்தப் பரப்பு, வீட்டிலிருந்து வெளியேறும் சாக்கடை பைப்பின் பரப்புக்குக் குறையக் கூடாது. நம் வீடுகளில் வெளியேறுவது 110 என்றால், மேலே ஒரு 110 திறந்திருந்தால் சரியாகப் போயிற்று.

நீளமும் கணக்கில் உண்டு. வென்ட் நாற்பது அடியைத் தாண்டினால் ஓர் அளவு பெரிய பைப்புக்கு மாறிவிடுங்கள். வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் என்றால் இரண்டு ஓட்டையாகவே விட்டுவிடலாம், ஒன்றாக்கியே தீருவேன் என்ற பிடிவாதம் வேண்டாம்.

பைப்பில் ஏ டைப், பி டைப் என்று அச்சடித்திருக்கும். ஏ டைப் மெல்லியது, காற்றுக்கும் மழைத் தண்ணீருக்கும் ஆனது. கழிவுக்கு பி டைப். வென்ட்டுக்கு ஏ போதும், ஆனால் மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் முழுக்க பி போட்டுவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மழைத் தண்ணீர் பைப் பக்கத்திலேயே இறங்குகிறது. அதில் சேர்த்துவிடலாமா?

கூடவே கூடாது. மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் இறங்கும் வாய் தரையோடு தரையாக இருக்கிறது, அங்கே வடகம் காயவைக்கும் இடத்தில் சாக்கடைக் காற்று வந்தால் எப்படி இருக்கும்? பெருமழையில் அவ்வளவு தண்ணீரும் செப்டிக் டேங்குக்குள் போனால் டேங்க் பொங்கும். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் வேறு, அந்த பைப் உங்கள் கிணற்றுக்கோ உறைகுழிக்கோ போகிறது. அதில் டாய்லெட் வென்ட்டைச் சேர்ப்பது உங்கள் தண்ணீரை நீங்களே கெடுத்துக்கொள்வது.

எக்ஸாஸ்ட் ஃபேன் குழாயை?

அதுவும் கூடாது. ஃபேன் நின்றதும் அதே குழாய் வழியாக நாற்றம் உள்ளே வரும்.

ஸ்லாபைத் துளைக்காமலே எடுக்க முடியாதா?

முடியும், முடிந்தால் அதுதான் முதல் வழி. பாத்ரூம் வெளிச்சுவரில் இருந்தால் சுவரை ஒட்டியே மேலே போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடலாம், ஸ்லாபில் ஓட்டையே வேண்டாம். வீட்டு நடுவில் மாட்டிக்கொண்ட பாத்ரூமுக்குத்தான் துளை தேவைப்படுகிறது. அதன் வென்ட்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே படுக்கையாக இழுத்து, வெளிச்சுவரில் இருக்கிற வென்ட்டோடு சேர்த்தால் நடு வீட்டு ஓட்டை ஒழிந்தது. வழியில் பீம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீமை ஒருபோதும் துளைக்காதீர்கள். பீமுக்குக் கீழே இறங்கி மறுபடி ஏறினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அதுவும் ஆகாது. பீம் குறுக்கே நின்றால், பேசாமல் ஸ்லாபைத் துளைத்து நேராக மேலே போவதே மேல்.

துளைத்தே ஆக வேண்டும் என்றால் ஒழுகாமல் எப்படிச் செய்வது?

புது வீடு என்றால் கான்கிரீட் போடும் முன்பே பைப்பைவிட ஓர் அளவு பெரிய ஸ்லீவ் (பைப் நுழைய ஒரு உறைக்குழாய்) வைத்துவிடுங்கள். சென்ட்ரிங் அன்று பிளம்பர் கட்டாயம் ஸ்பாட்டில் இருக்க வேண்டும், மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால் ஸ்லீவ் ஓரடி தள்ளித்தான் இருக்கும். கட்டி முடிந்த வீடு என்றால் கோர் கட்டிங் மிஷின் வைத்து வெட்டுங்கள். சுத்தியலும் உளியும் வைத்து உடைத்தால் துளையைச் சுற்றி ஸ்லாப் விரிசல் விடும், பிறகு நீங்கள் எந்த மருந்தைப் போட்டாலும் தண்ணீர் அந்த விரிசலில் போகும். கம்பி எங்கே ஓடுகிறது என்று டிராயிங்கைப் பார்த்துவிட்டு, இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடம் குறியுங்கள்.

பைப்பைச் சுற்றி வெறும் சிமெண்ட் கலவையை அடைத்து மூடுவதுதான் நம் ஊரில் பழக்கம். ஒழுகலுக்கு முக்கியக் காரணமும் அதுவே. பிவிசி வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். மூன்று மீட்டர் பைப் 30 டிகிரி சூடேறினால் சுமார் ஆறு மில்லிமீட்டர் நீளும். சிமெண்ட் நீளாது. தினம் தினம் இழுபறி நடந்தால் ஒரு வருடத்தில் பைப்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி வந்துவிடும். அதனால் ஸ்லீவுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே சுருங்காத கிரவுட், பைப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவே இழுபடும் தன்மையுள்ள சீலண்ட், இரண்டும் வேண்டும். அதற்கு மேல் பைப்பைச் சுற்றி ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டை கட்டி, வாட்டர்புரூஃபிங்கை அந்தக் கட்டைமேல் ஏற்றி முடியுங்கள். பிறகுதான் சுர்க்கியும் தட்டோடும். தட்டோடு பதிக்கிறவர் பைப் பக்கம் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் கொடுக்கிறாரா என்று நின்று பாருங்கள், பைப்பைச் சுற்றி ஒரு குட்டிக் குளம் வைத்துவிட்டுப் போவதில் அவர்கள் கில்லாடிகள்.

வெயிலில் நிற்கும் பகுதிக்கு ரப்பர் வளையம் உள்ள ரிங் டைப் இணைப்பு வையுங்கள், நீளவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்து போகும் இடத்தில் பசை போட்டு ஒட்டும் பேஸ்டிங் டைப். வெளியே தெரியும் பிவிசிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் ஆயுள் கூடும்.

மேலே எவ்வளவு உயரம் நிற்க வேண்டும்?

யாரும் ஏறாத கூரை என்றால் அரை அடி, ஓர் அடி போதும் என்பது வெளிநாட்டுக் கணக்கு. நம் மொட்டைமாடி அப்படி இல்லை. துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கோடையில் பாயை விரித்துப் படுக்கிறோம். ஆள் புழங்கும் கூரை என்றால் அமெரிக்க விதிமுறையே ஏழு அடி கேட்கிறது. நானும் அதையே செய்கிறேன், தலைக்கு மேலே போய்விட்டால் நிம்மதி. அவ்வளவு உயரம் நிற்க கைப்பிடிச் சுவர் ஓரமாக இருந்தால் கிளாம்ப் போட்டுக் கட்ட வசதி. எல்லாவற்றையும் ஒன்றாக்குவதில் இருக்கும் இன்னொரு லாபமும் இதுதான், ஆறு பைப்பை ஏழடி நிறுத்தவேண்டியதில்லை, ஒன்றை நிறுத்தினால் போதும்.

ஓவர்ஹெட் டேங்க் மூடியிலிருந்தும், பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வையுங்கள். ஒன்றாகச் சேர்த்த பைப்பில் நாற்றமும் ஒன்றாகத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருப்பதால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கொசு வலை கட்டச் சொல்கிறார்களே, கட்டலாமா?

கட்டியே ஆக வேண்டும். செப்டிக் டேங்கில்தான் கியூலக்ஸ் கொசு கூட்டமாகப் பெருகுகிறது, அது வெளியே வரும் வழி இந்த பைப்தான். நைலான் வலையைத் தொப்பிக்கு அடியில் கட்டுங்கள். ஆனால் ஒரே ஒரு வென்ட்டாகச் சேர்த்துவிட்ட வீட்டில் அந்த வலை அடைத்தால் வீடு முழுக்க மூச்சு முட்டும். தூசி, சிலந்திக்கூடு, குளவிக்கூடு, எது வேண்டுமானாலும் அடைக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறீர்கள் அல்லவா, அப்போது வலையையும் மாற்றிவிடுங்கள். ஆறு பைப் இருந்த வீட்டில் ஒன்று அடைத்தால் மற்றது காப்பாற்றும், ஒன்றாக்கிய வீட்டில் அந்தச் சலுகை இல்லை.

மேலே போகாமலே வால்வ் ஒன்று போட்டால் போதும் என்கிறார்களே?

ஏர் அட்மிட்டன்ஸ் வால்வைச் சொல்கிறார்கள். பைப்புக்குள் இழுவை வந்தால் திறந்து காற்றை உள்ளே விடும், மற்ற நேரம் தன் எடையில் மூடிக்கொள்ளும். வீட்டு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பாத்ரூமுக்கு நல்ல தீர்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உள்ளே மட்டும்தான் விடும், பைப்புக்குள் அழுத்தம் ஏறினால் வெளியே விடாது. டேங்கில் உண்டாகும் வாயு வெளியேறவும் அது வழி இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு வென்ட்டாவது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, வால்வை டைல்ஸுக்குப் பின்னால் புதைத்துவிடாதீர்கள். ரப்பர் ஒரு நாள் போகும், கை எட்ட வேண்டும்.

இப்போது கீழ் வீடு மட்டும் கட்டுகிறோம். நாலைந்து வருடத்தில் மாடி எடுப்போம். இப்போதே சேர்க்கலாமா?

நம் ஊரில் இதுதான் உண்மையான கேள்வி. கீழே கட்டும்போது மொட்டைமாடியில் நிற்கும் வென்ட், மாடி எடுக்கும்போது மேல் டாய்லெட்டின் கழிவு பைப்பாக மாறிவிடுகிறது. புது பிளம்பர் வருவார், தொப்பியைக் கழற்றுவார், மேலே நீட்டுவார், அதிலேயே டாய்லெட்டைச் சேர்ப்பார். நேராக இறங்கும் 110 பைப் என்றால் அதில் தப்பில்லை. படுக்கையாக ஓடி இன்னொன்றோடு சேரும் வென்ட் என்றால் அங்கேதான் ஆபத்து.

நான் நேரில் பார்த்த ஒரு வீடு. கீழ்த்தளத்தில் இரண்டு பாத்ரூம் வென்ட்டையும் 75 பைப்பில் லிண்டல் மட்டத்தில் சேர்த்து ஒன்றாக எடுத்திருந்தார்கள், நல்ல வேலை. நாலு வருடம் கழித்து மாடி எடுத்தபோது வந்தவர் அது வென்ட் என்று தெரியாமல், மேல் வாஷிங் மெஷின் தண்ணீரை அதில் விட்டுவிட்டார். மேலே மெஷின் ஓடும்போதெல்லாம் கீழே நஹானியில் சோப்பு நுரை பொங்கி வந்தது. கீழே குடியிருந்த அம்மா 'எங்கள் வீட்டில் யாரும் துவைக்கவே இல்லையே' என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்தார். சுவரை உடைத்துப் பார்த்தபோது படுக்கைப் பகுதியில் பாதி அடைத்திருந்தது.

எனவே மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் 110 பி டைப் பைப்பை நேராக ஸ்லாபுக்கு மேல் வரை கொண்டுபோய்விடுங்கள். சேர்ப்பதை ஸ்லாபுக்கு மேலே, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் செய்யுங்கள். மாடி எடுக்கும் நாளில் அந்த இணைப்பை வெட்டி எடுத்துவிட்டு, புது மாடிக்கு மேலே மறுபடி சேர்க்கலாம். ஓட்டை எண்ணிக்கை இப்போதைக்குக் குறையாது, சுவரை ஒட்டி எடுத்தால் ஸ்லாபில் ஓட்டை இருக்கப்போவதும் இல்லை. அப்புறம் ஒரு பெயிண்ட் மார்க்கரில் பைப்மேல் 'காற்று மட்டும்' என்று எழுதிவையுங்கள். சிரிக்காதீர்கள், நான் எழுதுகிறேன்.

செப்டிக் டேங்க் மேல் தனியாக ஒரு பைப் நிற்கிறது. அதையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அந்த பைப்பைச் சுவரை ஒட்டி மேலே கொண்டுபோய், மற்ற வென்ட்டுகள் சேரும் உயரத்தில் சேருங்கள். மேலே ட்ராப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதற்கு இரண்டு மடங்கு பொருந்தும். என்னைக் கேட்டால் அதைத் தனியாகவே விட்டுவிடுவது நிம்மதி. அது ஸ்லாபைத் துளைக்கவில்லையே, பிறகு என்ன?

ஈசானிய மூலையில் பைப் வரக் கூடாதாமே?

வாஸ்து எனக்குத் தெரியாது, பிளம்பிங் தெரியும். பல வென்ட்டுகளைச் சேர்த்துவிட்டால் வெளியே வரும் இடத்தை நீங்கள் கேட்கிற மூலைக்கு மாற்றித்தர முடியும், நாற்பதடிக்குள் இருந்தால் போதும்.

அபார்ட்மெண்டில் செய்யலாமா?

டக்ட்டில் (பைப்புகள் இறங்கும் பொது இடைவெளியில்) வரும் பைப் எல்லோருக்கும் பொது. கடைசி மாடிக்காரர் 'எங்களுக்குத்தான் நாற்றம்' என்று தொப்பியை மூடியதால் இரண்டாவது மாடியில் ட்ராப் காய்ந்த கதை ஏராளம். அசோசியேஷனும் ஒரு இன்ஜினியரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது, தனி ஆளாகக் கை வைக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிய வீடு. இப்போது ஆறை இரண்டாக்க முடியுமா?

முடியும். மொட்டைமாடியிலேயே, தட்டோட்டுக்கு மேலே படுக்கையாக இழுத்துச் சேர்ப்பதுதான் பலர் செய்வது. அப்படிச் செய்தால் மேலே நிற்கும் பைப்புகள் குறையும், ஸ்லாபில் ஓட்டைகள் அப்படியே இருக்கும். சோலாருக்கு அது போதும், ஒழுகலுக்கு உதவாது. நடக்கும்போது கால் தட்டும் வேறு.

ஓட்டையையே ஒழிக்க வேண்டும் என்றால் கீழே ஃபால்ஸ் சீலிங் மட்டத்தில் சேர்த்து, பழைய பைப்பை ஸ்லாபுக்குக் கீழே வெட்டி, துளையைக் கம்பி வைத்துக் கான்கிரீட் போட்டு மூட வேண்டும். முதலில் எந்தத் தொப்பி எந்த பாத்ரூமுடையது என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் மேலே காதை வைத்துக்கொண்டு நிற்க, கீழே ஒவ்வொன்றாக ஃப்ளஷ் செய்தால் தெரிந்துவிடும். பழைய வீடுகளில் எங்கேயும் போய்ச் சேராத வெறும் பைப்பும் ஒன்றிரண்டு நிற்கும், அதை நன்றியோடு அகற்றிவிடலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு பாத்ரூமில் மட்டும் நாற்றம்.

அந்த பாத்ரூமை யாராவது பயன்படுத்துகிறார்களா? பிள்ளைகள் வெளியூரில், அறை பூட்டிக் கிடக்கிறது என்றால் கோடையில் சில வாரத்தில் ட்ராப் தண்ணீர் ஆவியாகிவிடும். வென்ட்மேல் பழி போடாதீர்கள். நஹானியில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

வேலை முடிந்ததும் எப்படிச் சோதிப்பது?

பூசி மூடுவதற்கு முன்னால் பைப்பின் அடியை அடைத்து, மேலேயிருந்து தண்ணீர் நிரப்பி, ஒரு மணி நேரம் விட்டு ஒவ்வோர் இணைப்பையும் தடவிப் பாருங்கள். காற்று பைப்தானே என்று இதைத் தவிர்ப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓர் இணைப்பு விட்டிருந்தால் தண்ணீர் சொட்டாது, நாற்றம்தான் வரும், எங்கிருந்து என்றே பிடிபடாது. போட்டோவும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் டேப்பை விரித்து அளவு தெரியும்படி.

அடுத்தது ஊதுபத்தி. ஒருவர் மாடியில் தொப்பி ஓரமாக எரியும் ஊதுபத்தியைப் பிடிக்க, கீழே ஒவ்வொரு பாத்ரூமாக ஃப்ளஷ் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புகை சட்டென்று உள்ளே இழுபட வேண்டும், அதே நேரம் நஹானித் தண்ணீர் லேசாக ஆடலாம், இறங்கக் கூடாது. ஏதோ ஒரு பாத்ரூமுக்கு மட்டும் புகை அசையவில்லை என்றால் அதன் கிளையில் அடைப்பு இருக்கிறது. கட்டும்போது ஜல்லி விழாமல் இருக்க பைப் வாயில் சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அடைத்துவைப்பார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். முதலில் அதைத் தேடுங்கள். நான் இதுவரை கண்ட 'காற்று வராத' புது வீடுகளில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தது சாக்குதான்.